நான்கு சனிக்கிழமை, 180 வெள்ளி, கொஞ்சம் இருட்டு

பேய்ப் படம் பார்க்கக் குளிர் வேண்டும், இருட்டு வேண்டும். குளிர் தாராளமாகவே கிடைத்தது. ஏர்கானுக்கு நேர் கீழே உட்கார்ந்து முதல் நாளே தும்மல் பிடித்துக்கொண்டது. இருட்டுக்குத்தான் மூன்று வாரம் சண்டை போட வேண்டியிருந்தது.

சிங்கப்பூரில் ஜாலான் புசார் பக்கம் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் நடந்த திகில் பட வரலாற்று வகுப்புக்குப் போய் வந்தேன். நான்கு சனிக்கிழமை, மாலை ஏழிலிருந்து பத்து வரை, மொத்தம் 180 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர். முதலில் துண்டுக் காட்சிகளோடு ஒரு மணி நேரப் பேச்சு, நடுவில் தேநீரும் கறி பஃபும், அப்புறம் ஒரு முழுப்படம். எல்லாம் ஆங்கிலத்தில். நாற்காலி இருபத்திரண்டு. இடத்தின் பெயரை எழுதப் போவதில்லை. இரண்டு பேர் சொந்தக் கையைக் கடித்துக்கொண்டு நடத்துகிறார்கள், நானோ குறையும் சொல்லப் போகிறேன்.

என் தொழில் மணப்பெண் அலங்காரம். தேக்காவில் சின்னக் கடை, பத்தொன்பது வருஷமாக. முகூர்த்தம் ஆறரை என்றால் விடியற்காலை மூன்று மணிக்கு என் கையில் தூரிகை இருக்கும். அக்டோபர் மாதம் வந்தால் ஹாலோவீன் பேய் வேடத்துக்கு வேறு கூட்டம் வரும். பாலிடெக்னிக் பிள்ளைகள், "அக்கா, கன்னத்துல ஒரு வெட்டுக்காயம் போட்டு விடுங்க லா" என்று கேட்பார்கள். போன வருஷம் ஒரு பையனுக்கு லேட்டெக்ஸில் காயம் போட்டேன். பிய்த்துப் போட்ட பரோட்டா மாதிரி வந்தது. பாவம், காசு கொடுத்துவிட்டுப் பேசாமல் போய்விட்டான். அந்த வெட்கத்தில்தான் இதில் சேர்ந்தேன். விளம்பரத்தில் "ஒப்பனை" என்று ஒரு சொல் இருந்தது. செய்முறை எதுவும் கிடையாது, வரலாறு மட்டும்தான் என்பது முதல் மாலையே தெரிந்துவிட்டது. விளம்பரத்தை ஒழுங்காகப் படிக்காதது என் தப்பு, அப்படி எழுதி வைத்தது அவர்கள் தப்பு. சரிக்குச் சரி.

பாடம் நடத்தியது முப்பது வயதுக்குள் இருக்கும் ஒரு சீனப் பெண். குறிப்பைப் பார்த்துப் படிக்காமல் பேசினாள், தெரியாததைத் தெரியாது என்றாள். அதற்கே பாதி மார்க் போடலாம்.

முதல் வாரம் 1816இல் தொடங்கியது. ஜெனீவா ஏரிக்கரையில் ஒரு வீடு, விடாத மழை, உள்ளே அடைந்து கிடந்த இளவட்டங்கள் ஆளுக்கொரு பேய்க் கதை எழுதலாம் என்று பந்தயம் கட்டுகிறார்கள். மேரி ஷெல்லிக்குப் பதினெட்டு வயது. அங்கே பிறந்த ஃபிராங்கன்ஸ்டைன் 1818இல் அச்சில் வந்தது. அந்தக் கோடையில் வெயிலே அடிக்காததற்குக் காரணம், முந்தைய ஆண்டு வெடித்த தம்போரா எரிமலையின் சாம்பல். இதைச் சொல்லிவிட்டு அவள் அடுத்த படத்துக்குப் போனாள். பின்வரிசையிலிருந்து ஒரு தாத்தா கையைத் தூக்கினார். தமிழர், வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. தம்போரா இருப்பது சும்பாவாவில், இங்கிருந்து விமானம் ஏறினால் சில மணி நேரம், வெடிச்சத்தம் ஜாவா வரைக்கும் கேட்டது, பீரங்கிச் சத்தம் என்று நினைத்துப் படையையே கிளப்பினார்கள், அப்போது ஜாவாவில் ஆட்சி செய்தவர் ராஃபிள்ஸ் என்றார். நாலு வருஷம் கழித்து நம் ஆற்றங்கரையில் வந்து இறங்கிய அதே ராஃபிள்ஸ். வகுப்பே திரும்பிப் பார்த்தது. ஆசிரியை குறித்துக்கொண்டாள். எனக்கு அவரைப் பிடித்துப்போனது அப்போதுதான்.

பிறகு ஜெர்மனி. 1920இல் வந்த டாக்டர் கலிகாரி படத்தில் வீடு கோணல், சன்னல் கோணல், தெருவும் கோணல். நிழலைக்கூட விளக்கு வைத்து விழவைக்கவில்லை, பல இடங்களில் சாயத்தால் சுவரிலேயே வரைந்துவிட்டார்கள். முகத்தில் நாங்கள் செய்வதும் அதுதானே. மூக்கின் இரு பக்கமும் பழுப்பு நிறம் இழுத்து, இல்லாத நிழலை வரைகிறோம். மணப்பெண்ணுக்கு மூக்கு எடுப்பாகிறது, ஜெர்மானியர்களுக்கு ஊரே பைத்தியமாகிறது.

அன்றைய முழுப்படம் 1922இல் முர்னாவ் எடுத்த நோஸ்ஃபெராட்டு. பிராம் ஸ்டோக்கரின் டிராகுலாவை அனுமதி வாங்காமல், பெயர்களை மட்டும் மாற்றி எடுத்த படம். ஸ்டோக்கரின் மனைவி வழக்குப் போட்டார். எல்லாப் பிரதிகளையும் அழிக்கச் சொல்லி 1925இல் ஜெர்மன் நீதிமன்றம் உத்தரவே போட்டது. அதற்குள் வெளியூர் போயிருந்த பிரதிகள் தப்பிவிட்டன. வெயில் பட்டால் இரத்தக்காட்டேரி சாகும் என்று இன்று சின்னப்பிள்ளைக்குக்கூடத் தெரியும். அது நாவலில் கிடையாது, இந்தப் படம் கொண்டுவந்தது. வேடிக்கை என்னவென்றால், அன்றைய ஃபிலிமுக்கு வெளிச்சம் நிறைய வேண்டும் என்பதால் இரவுக் காட்சிகளைப் பட்டப்பகலில் எடுத்து, சுருளுக்கு நீலச் சாயம் ஏற்றியிருக்கிறார்கள். சாயம் போன பிரதியில் பார்த்தால், வெயிலுக்குப் பயந்த பேய் வெயிலில் சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடக்கும்.

கடைசியில் படிக்கட்டுச் சுவரில் அவனுடைய நிழல் மட்டும் ஏறிப் போகும் இடம் வருகிறதே, அந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் வந்தது. திரைக்குப் பக்கத்திலேயே பச்சை நிற 'வெளியேறும் வழி' விளக்கு. அது சட்டம், இருக்கட்டும். ஆனால் நடைபாதைக் கண்ணாடிக் கதவை மூட ஒரு துணி கூடவா இல்லை? வெளியே குழல் விளக்கு பளிச்சென்று எரிகிறது. நிழல் சாம்பலாகிவிட்டது. திரையில் கறுப்பு என்று ஒரு நிறமே இல்லை. இருட்டை விற்கிற வகுப்பு, இருட்டைத்தான் முதலில் வாங்கிப் போட்டிருக்க வேண்டும். போகும்போது சொன்னேன். இரண்டாம் வாரம் கறுப்புத் துணியை டேப் போட்டு ஒட்டியிருந்தார்கள். மூன்றாம் வாரம் படத்தின் நடுவே அது பொத்தென்று விழுந்தது. அன்றைக்கு உண்மையாக அலறிய ஒரே தருணம் அதுதான். நான்காம் வாரம் என் பெட்டியிலிருந்து புடவைக்குக் குத்தும் பின்னூசி பன்னிரண்டை எடுத்துப் போய் நானே குத்திவிட்டேன். அசையவில்லை.

இரண்டாம் வாரத்துக்கு மட்டும் தனியாகப் பணம் கேட்டாலும் கொடுத்திருப்பேன். 1920, 30களின் ஹாலிவுட்.

முதலில் லான் சேனி. 1925இல் வந்த ஓபரா பேய்ப் படத்தில் தன் முகத்தைத் தானே செய்துகொண்டவர். அவருடைய அப்பாவும் அம்மாவும் காது கேளாதவர்கள். பேசாமல் பேசுவதை வீட்டிலேயே கற்றவர் ஊமைப் படத்துக்கு வந்தார். பெண் பின்னாலிருந்து முகமூடியை உருவும் இடத்தில், படத்தில் இருக்கும் அவளுக்கு முன்பே நாம் அந்த முகத்தைப் பார்த்துவிடுகிறோம். எனக்கு வயிறு கலங்கிவிட்டது. நூறு வருஷப் பழைய படம்!

அடுத்து, 1931இல் போரிஸ் கார்லாஃப் நடித்த ஃபிராங்கன்ஸ்டைன். முகம் செய்தவர் ஜாக் பியர்ஸ். தினமும் நாலு மணி நேர வேலை. பஞ்சு, அதன் மேல் கொலோடியன் என்ற பசை, மறுபடி பஞ்சு. தலை ஏன் தட்டை? பிணங்களை வெட்டி ஒட்டுகிற வைத்தியன் மூளையை உள்ளே வைக்க மண்டையைப் பானை மூடி மாதிரி நேராக அறுத்திருப்பான் என்று யோசித்திருக்கிறார் பியர்ஸ். முகத்துக்குப் பச்சை கலந்த சாயம், கறுப்பு வெள்ளையில் அது செத்த வெளுப்பாக விழும். கண்ணிமையில் மெழுகு. கார்லாஃப் தன் பொய்ப்பல்லைக் கழற்றியதால் ஒரு பக்கக் கன்னம் ஒட்டிப்போனது. ஆளின் வாயில் இருப்பதையும் ஒப்பனைக்குப் பயன்படுத்தியிருக்கிறார்கள் பாருங்கள். படத் தொடக்கத்தில் வரும் பெயர்ப் பட்டியலில் அரக்கனாக நடித்தவர் பெயர் இல்லை, வெறும் கேள்விக்குறி.

தேநீர் வேளையில் தாத்தா என்னிடம் இன்னொன்று சொன்னார். கார்லாஃப் இந்திய இரத்தம் கலந்தவர். அவருடைய அம்மாவுக்குச் சித்தி ஒருத்தி, அன்னா லியோனோவென்ஸ். சயாம் அரண்மனைக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கப் போனாரே, அவரேதான். அதற்கு முன்னால் சிங்கப்பூரில் பள்ளிக்கூடம் நடத்தியவர். ஆக ஃபிராங்கன்ஸ்டைன் அரக்கனின் சின்னப் பாட்டி நம்ம ஊர் டீச்சர். கறி பஃப் தொண்டையில் சிக்கிக்கொண்டது.

அன்றைய முழுப்படம் இவை எதுவும் இல்லை, அதே 1931இல் மமூலியன் இயக்கிய ஜெக்கிலும் ஹைடும். நடிகர் ஃபிரெட்ரிக் மார்ச்சுக்கு ஆஸ்கார் வாங்கித் தந்தது. நல்ல மனிதன் மருந்தைக் குடிக்கிறான், நம் கண்ணெதிரே, வெட்டே இல்லாமல், முகத்தில் கோடுகள் இறங்குகின்றன, கண்ணுக்குக் கீழே கறுக்கிறது. கணினி இல்லாத காலம். எப்படி? முகத்தில் கோடுகளைச் சிவப்பில் வரைந்துவிட்டு, கேமரா முன்னால் சிவப்புக் கண்ணாடி. சிவப்பு வழியாகப் பார்த்தால் தோலும் சிவப்புக் கோடும் ஒரே வெளுப்பு, கோடு தெரியாது. மெதுவாகச் சிவப்பை நகர்த்திப் பச்சையைக் கொண்டுவந்தால் அதே கோடு கறுத்து எழும்பும். இயக்குநர் இந்த வித்தையை வெகுகாலம் வெளியே சொல்லவில்லையாம்.

ஞாயிற்றுக்கிழமை கடையைத் திறக்கவில்லை. தீபாவளிப் பலகாரக் கூடையில் சுற்றி வந்த சிவப்புக் கண்ணாடித்தாள் அலமாரியில் கிடந்தது, பச்சைக்குச் சிராங்கூன் சாலையில் அலைந்தேன். அக்கா மகளை உட்கார வைத்து, கண்ணுக்குக் கீழே, மூக்கோரம், நெற்றி நடுவே உதட்டுப் பென்சிலால் கோடு போட்டேன். கைப்பேசியைக் கறுப்பு வெள்ளையில் வைத்து லென்ஸ் மேல் சிவப்புத் தாள். கோடு நன்றாகவே தெரிந்தது. ஏமாற்றம். பிறகுதான் உறைத்தது, நான் எடுத்தது மெரூன். மணப்பெண்களுக்கு அதுதான் போகும், கை பழக்கதோஷத்தில் அதைத்தான் எடுத்திருக்கிறது. மெரூனில் கருமை இருக்கிறது, அது ஒளியாது. துடைத்துவிட்டு, நீலமோ பழுப்போ கலக்காத சுத்த இரத்தச் சிவப்பை எடுத்தேன். சிவப்புத் தாளை வைத்தேன், முகம் பளிங்கு. தாளை இழுத்துப் பச்சையை வைத்தேன். பிள்ளைக்குப் பதினைந்து வயது, கைப்பேசியில் அறுபது வயதுக் கிழவி. "சித்தி, டிலீட் பண்ணுங்க!" என்று கத்தினாள். பண்ணவில்லை. விளம்பரத்தில் சொன்ன ஒப்பனையை இப்படி நானாகத்தான் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

மூன்றாம் வாரம் பாய்ச்சல். பிரிட்டனின் ஹாமர் படங்கள் 1957இலும் 58இலும் கலரைக் கொண்டுவந்தன, டிராகுலாவாக நடித்த கிறிஸ்டோபர் லீயின் கண்ணும் வாயும் சிவந்தன. 1960இல் ஹிட்ச்காக் சைக்கோ படத்தின் குளியலறைக் கொலையைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தார், இரத்தத்துக்குச் சாக்லெட் சிரப். பிறகு எழுபதுகள், எண்பதுகள், ஒரே ஓட்டம். ஒப்பனைக்கென்று தனி ஆஸ்கார் வைத்து, 1981இல் வந்த ஓநாய் மனிதன் படத்துக்காக ரிக் பேக்கர் அதை முதலில் வாங்கினார் என்று ஒரு வரி. பேய் பிடித்த சிறுமியின் கதையான 1973இன் எக்ஸார்சிஸ்ட் பற்றிப் பேசும்போது அவள் கழுத்து திரும்புவதையும் பச்சை வாந்தியையுமே காட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு ஆற்றாமையாக இருந்தது. அந்தப் படத்தின் பெரிய ஒப்பனை அந்தக் குழந்தை அல்ல, கிழட்டுப் பாதிரியார். அந்த வேடத்தில் நடித்த மாக்ஸ் வான் சிடோவுக்கு அப்போது வயது நாற்பத்து நாலைத் தாண்டவில்லை. டிக் ஸ்மித் என்பவர் கழுத்துச் சுருக்கம் வரை செய்து எழுபதைத் தாண்டிய ஆளாக்கிவிட்டார், யாரும் அதை ஒப்பனை என்றே நினைக்கவில்லை. என் தொழிலில் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. நம் ஸ்ரீதர் 1963இல் நெஞ்சம் மறப்பதில்லையில் நம்பியாரை நூறு வயது தாண்டிய ஜமீன்தாராக்கி, பாழடைந்த மாளிகையில் துப்பாக்கியோடு விட்டாரே, அதையும் எடுத்துச் சொன்னேன். ஆசிரியைக்குத் தெரிந்திருக்கவில்லை. பெயரை எழுத்துக்கூட்டிக் கேட்டாள், சொன்னேன்.

தாத்தா அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டார். ஜெர்மனியில் நிழலை ஆள்வது கற்ற கார்ல் ஃபிராய்ண்ட் ஹாலிவுட்டுக்குப் போய் 1931இல் டிராகுலாவை ஒளிப்பதிவு செய்தார். இன்னொரு ஜெர்மானியர், யோசப் விர்ஷிங், பம்பாய்க்குப் போனார். 1949இல் மதுபாலா நடித்த மஹல் அவர் கேமரா. வெள்ளைப் புடவை, ஊஞ்சல், ஆள் தெரியாமல் கேட்கும் பாட்டு, நம்மவர்களின் பேய் பங்களாவுக்கெல்லாம் அதுதான் மூத்த அக்கா. முதல் வாரத்தில் பார்த்த கோணல் நிழல் நம் வீட்டுக்கு வந்த பாதை இது. பாடத்தில் இல்லை.

நான்காம் வாரம் ஆசியா. ஜப்பானுக்கு நாற்பது நிமிஷம். 1998இன் ரிங் படத்தில் கிணற்றிலிருந்து வரும் பெண்ணின் நடை ஏன் அப்படி இருக்கிறது தெரியுமா? நடிகையைப் பின்பக்கமாக நடக்கவிட்டு, படத்தைத் திருப்பி ஓட்டியிருக்கிறார்கள். அருமை. அதன்பின் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "பொந்தியானாக்" என்றாள். நம் ஊர் மலாய்ப் பெண் பேய். இருபது நிமிஷம். சிங்கப்பூரில் உட்கார்ந்துகொண்டு, பொந்தியானாக்குக்கு இருபது நிமிஷம்! என் பாட்டி செம்பவாங்கில் இருந்த காலத்தில், இரவில் சம்பங்கிப் பூ வாசம் வந்தால் தலையைத் திருப்பாதே என்பாள். வாழை மரத்துப் பக்கம் மாலைக்கு மேல் விடமாட்டாள். வாழையும் பூவும் இல்லாமல் எங்கள் கல்யாணம் ஏது, அதனால் நான் பாதிக் கதையைத்தான் நம்பினேன்.

அந்த இருபது நிமிஷத்தில் கிடைத்தது இது. கேத்தே கெரிஸ் நிறுவனம் எடுத்த பொந்தியானாக் 1957 ஏப்ரல் 27 அன்று கேத்தே அரங்கில் வெளிவந்தது, இப்போது முகப்பு மட்டும் நிற்கும் அதே இடம். கதாநாயகி மரியா மெனாடோ. கூனும் அவலட்சணமுமாக இருக்கும் பெண் மந்திரத்தால் அழகியாகிறாள், இரத்தம் மட்டும் நாவில் படக்கூடாது. கணவனைப் பாம்பு கடிக்கிறது, விஷத்தை உறிஞ்சுகிறாள். அவ்வளவுதான். இயக்குநர் பி. என். ராவ். கேரளத்துக்காரர், இங்கே வருவதற்கு முன்னால் தமிழில் 1939இல் ரம்பையின் காதல், 1945இல் எம்ஜிஆர் கதாநாயகன் ஆவதற்கு முன் நடித்த சாலிவாகனன் எல்லாம் எடுத்தவர். தமிழ்ப் புராணப் படத்துக்குத் தேவலோகம் கட்டிய கைதான் மலாய்ப் பேய்க்கு முதலில் உயிர் கொடுத்தது. இதையும் பின்வரிசைதான் சொன்னது, மேடை சொல்லவில்லை.

படத்தைப் பார்க்க முடியுமா என்று கேட்டேன். முடியாதாம். முதல் படத்துக்கும் அதே ஆண்டு வந்த இரண்டாவதுக்கும் பிரதி இல்லை. சுருள்களை ஈயச் சுரங்கக் குட்டையில் எறிந்துவிட்டதாக ஒரு கதை உண்டு. மூன்றாவது, 1958இன் சும்பா பொந்தியானாக், தப்பியிருக்கிறது, அதைத்தான் அன்று போட்டார்கள். நீதிமன்றமே அழிக்கச் சொன்ன ஜெர்மன் படத்தை முதல் வாரம் முழுசாகப் பார்த்தோம். யாரும் அழிக்கச் சொல்லாத நம்ம ஊர்ப் படம் இல்லை.

அன்று பின்னூசிகளைக் கழற்றும்போது தாத்தா துணியைப் பிடித்துக்கொண்டார். அந்த முதல் படத்தை அப்போதே பார்த்திருக்கிறாராம், எட்டு வயதில். எனக்குக் கை நின்றுவிட்டது. "அங்கிள், அந்த முகம் மாறுற இடம் எப்படி இருந்துச்சு? பல்லு வச்சிருந்தாங்களா? கண்ணு எப்படி?" என்று அடுக்கினேன். தொழில்காரிக்கு வேறென்ன கேட்கத் தெரியும்.

அவர் சிரித்தார். "அந்த எடம் வந்ததும் அம்மா முந்தானையால என் மூஞ்சிய மூடிட்டாங்கம்மா. சத்தம் மட்டுந்தான் கேட்டேன்."

அடுத்த வகுப்புக்கும் அவர் பெயர் கொடுத்திருக்கிறார். கட்டணம் அதே 180தான், கதவுக்கு நிரந்தரத் திரை போடுவதாகச் சொன்னார்கள், போட்டார்களா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். சால்வை கட்டாயம். இரண்டாம் சனிக்கிழமைக்கு மட்டும் வரலாமா என்று கேட்டேன், 45 வெள்ளி என்றார்கள். அன்றைக்கு எனக்கு ஒரு வளைகாப்பு இருக்கிறது. சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.